சுரங்க ஊரிலிருந்து ஒரு ரிட்டர்ன் லோடு

கல்லும் லாரியும் தன்னோடு போகட்டும் என்று அப்பா முடிவெடுத்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். அவர் டிப்பர் ஓட்டுநர். எருமையூர்ப் பக்கத்துக் கிரஷரில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு, அடுக்குமாடி முளைக்கிற இடமெல்லாம் போய்க் கொட்டிவிட்டு வருவார். எங்கள் வம்சத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பிறகு பி.காம்., அதுவும் அரியர் இல்லாமல். பட்டச் சான்றிதழை லேமினேட் செய்யக் கொடுத்த கடையில், ஓரம் மடங்காமல் போடும்படி அப்பா அந்தக் கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிட்டார். இத்தனை பாடுபட்டுப் படித்து நான் போய்ச் சேர்ந்தது, கல் தோண்டும் ஊருக்கு லாரி அனுப்புகிற வேலையில்.

கல் தோண்டுவது அமெரிக்காவில்; அனுப்புவது மேற்குத் தாம்பரத்திலிருந்து. அது ஒன்றுதான் முன்னேற்றம்.

எங்கள் ஆபீஸ் இருந்த கட்டடத்தில் கீழே ஸ்வீட் ஸ்டால், முதல் மாடியில் ஸ்கேன் சென்டர், அதற்கும் மேலே நாங்கள். லிஃப்ட் உண்டு. அதற்குள் தண்ணீர்க் கேன்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் ஒரே ஒரு லாரியை வைத்துக்கொண்டு தானே முதலாளி, தானே டிரைவர் என்று ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே சரக்குத் தேட முடியாது அல்லவா? அதற்காக எங்களை வைத்துக்கொள்கிறார்கள். கம்ப்யூட்டரில் லோடு பட்டியலைப் பார்த்து, புரோக்கருக்கு போன் போட்டு, ரேட் பேசி முடித்து, இங்கே ஏற்று அங்கே இறக்கு என்று டிரைவருக்குச் சொல்ல வேண்டும். பல்லாவரத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் பனியனோடு உட்கார்ந்து ஒருவர் செய்கிற அதே வேலையை நாங்கள் கழுத்தில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு செய்தோம். அவருக்கு லாரி கண்ணுக்குத் தெரியும் என்பதுதான் அவருடைய வசதிக்குறைவு.

டீம் லீடர் எனக்குப் பயிற்சி கொடுத்தார். பிறந்ததிலிருந்து ஒரு லாரியிலும் ஏறியிராத மனிதர். ஆனால் ஐம்பது அடி நீளப் பெட்டி வண்டியை ரிவர்ஸ் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைச் தன் ஆபீஸ் நாற்காலியை முன்னும் பின்னும் உருட்டி விளக்கினார். எங்களுடையது ‘டிரை வேன்’. நாலு பக்கமும் சுவர், மேலே கூரை, பின்னால் கதவு. வீட்டுக்குச் சக்கரம் வைத்தது போல. எங்களுக்கு ஒதுக்கியிருந்த பகுதி நெவாடா மாநிலம். அங்கே தங்கச் சுரங்கம் என்று கேள்விப்பட்டதும் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, “தங்கமா ஏத்திகினு வருவாங்க?” என்று கேட்டாள். தங்கம் எங்கள் வண்டியில் வராது. மண்ணும் கல்லும்கூட வராது. அதற்கெல்லாம் வேறு வண்டி இருக்கிறது. கூரை போட்ட வண்டியில் சுரங்கத்துக்குப் போவது கையுறை, பூட்ஸ், தண்ணீர் பாட்டில், எல்லாவற்றுக்கும் மேலாக டாய்லெட் பேப்பர். தங்கம் எடுக்கிற ஊருக்கு நான் பண்டல் பண்டலாக டாய்லெட் பேப்பர் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து திரும்பி வருவது காற்று.

இதுதான் எங்கள் தொழிலின் தீராத வியாதி. போகும்போது பெட்டி நிறையச் சரக்கு. வரும்போது ஏற்றுவதற்கு அந்தப் பாலைவனத்தில் பெட்டியில் அடைக்கிற மாதிரி ஒன்றுமே கிடையாது. டிரைவர் தன் டீசலைப் போட்டுக் காற்றைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவார்.

நான் சேர்ந்தபோது அப்படிக் காற்றுச் சுமந்து நொந்துபோன ஒருவரைத்தான் லீடர் என் தலையில் கட்டினார். வயது அறுபதை ஒட்டி இருக்கும். பக்கத்து மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டிப் பக்கம் வீடு. சொந்த லாரி. எனக்கு முன்னால் மூன்று பேர் அவருக்கு லோடு பார்த்து, மூன்று பேரையும் அவர் உதறியிருந்தார்.

“உங்க ப்ரொபேஷன் மூணு மாசம். அது முடியறவரைக்கும் இவரை விடாம வெச்சிருந்தீங்கன்னா கன்ஃபர்ம். இவர் போயிட்டார்னா…” என்று சொன்ன லீடர், மீதியை மாடிப்படியின் பக்கம் கையைக் காட்டி முடித்தார்.

மாடிப்படிக்குக் கீழே எனக்கு என்ன காத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அப்பா முன்னெச்சரிக்கையாக ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். கிரஷரில் எடை மேடை பக்கத்துக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, வெளியே போகிற டிப்பர்களுக்கு பில் போடுகிற சீட்டு. முதலாளியிடம் சொல்லி வைத்திருந்தார். வாரத்துக்கு ஒருமுறை அந்த அறையைப் பற்றி, பெண் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி பேசுவார். “ஏசி ரூமுடா. தூசியே உள்ள வராது. கதவு மூடிகினு ஒக்காந்தா வெளிய கிரஷர் ஓட்றதே தெரியாது.” எந்தத் தூசியில் கால் வைக்கக் கூடாது என்று என்னைப் படிக்க வைத்தாரோ, அதே தூசிக்கு நடுவில் ஒரு கண்ணாடி அறை. மூன்றாம் வகுப்பிலிருந்து படித்ததெல்லாம் அந்தக் கண்ணாடியின் கனத்துக்குத்தான் என்று ஆகிவிடக் கூடாது என்பதில் நான் தீவிரமாக இருந்தேன்.

என் டிரைவர் திட்டுகிறவர் இல்லை. திட்டினால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் பெருமூச்சு விடுவார். பாதி உலகத்தைத் தாண்டி ஹெட்செட்டுக்குள் வந்தும் அது சூடு ஆறியிருக்காது. முதல் இரண்டு முறையும் நான் அவரை நிறைத்து அனுப்பி, காலியாகத் திருப்பினேன். இரண்டாம் முறை அவர் மரியாதையாகவே சொன்னார். இன்னொரு தடவை இப்படிக் காலியாகத் திரும்ப வேண்டியிருந்தால், அதை அவர் தனியாகவே செய்துகொள்வாராம். அதற்கு என் உதவி தேவைப்படாதாம்.

லீடரிடம் போய், திரும்பும் லோடுக்கு என்ன வழி என்று கேட்டேன். போனில் பேசும்போது புன்னகையோடு பேசச் சொன்னார். அப்பாவிடம் கேட்டேன். போகும்போதே ஓவர்லோடு அடிக்கச் சொல்லு, ரெண்டு நடையை ஒரே நடையாக முடித்துவிடலாம் என்றார். அங்கே எடை பார்த்துப் பிடித்துவிடுவார்கள் என்றேன். “இங்க மட்டும் வுட்ருவானா? ஒருத்தன் கைல எதுனா அமுக்கினா தீந்துது” என்றார். நெவாடாவில் யார் கையில் எதை அமுக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நிபுணர்களின் ஆலோசனையும் பெற்றுக்கொண்டு நான் சீட்டில் வந்து உட்கார்ந்தேன்.

எங்களுக்கு மாலை ஏழரை என்றால் நெவாடாவில் காலை ஏழு. தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஜனம் வீட்டுக்குப் போக முட்டி மோதிக்கொண்டிருக்கும்போது நாங்கள் மேலே குட் மார்னிங் சொல்லிக்கொண்டிருப்போம். ஒவ்வொரு லோடும் போய்ச் சேருவதற்கு முன்னால் சுரங்கத்தின் ஸ்டோர்ஸுக்கு போன் செய்து, வண்டி உள்ளே வர நேரம் வாங்க வேண்டும். அந்த ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டது ஒரு பெண்மணி. வறண்ட குரல். வண்டி நம்பர், நேரம், கேட் எண், வைத்துவிடுவார். அவர்கள் ஊர்ப் பழக்கம் அது. ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்பார்கள். பதிலுக்கு யாரும் காத்திருப்பதில்லை.

எனக்கு அது சரிப்படவில்லை. எங்கள் தெருவில் ஒருவரை நலம் விசாரித்தால் அடுத்தது வாயில் தானாக வந்துவிடும். அன்றைக்கும் வந்துவிட்டது. கேட் எண்ணை எழுதிக்கொண்டே, சாப்பிட்டீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன்.

என் அடுத்த சீட்டு அக்கா தன் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பொழிச்சலூர்க்காரர். விமானம் தலைக்கு மேல் உரசிக்கொண்டு போகிற வீட்டில் வளர்ந்தவர் என்பதால் அவருக்குச் சன்னமாகப் பேச வராது. இன்சூரன்ஸ், கிரெடிட் கார்டு, இப்போது லாரி என்று பல கடலில் மீன் பிடித்தவர்.

“டேய், அந்த ஊர்ல இதெல்லாம் கேக்கக் கூடாதுடா. வீட்ல யார் இருக்காங்க, கதவு திறந்திருக்கான்னு கேட்ட மாதிரி. போலீஸுக்குப் போன் போட்ருவாங்க.”

அந்தப் பெண்மணி போலீஸுக்குப் போன் போடவில்லை. அது யாருக்குத் தெரிய வேண்டும் என்று கேட்டார். எனக்குத்தான், என்றேன். இன்னும் இல்லை, காரில் சாப்பாட்டுப் பொட்டலம் இருக்கிறது, நேரம் கிடைக்கவில்லை என்றார். சாப்பிட்டுவிட்டு வேலையைப் பாருங்கள், வண்டி எங்கேயும் ஓடிவிடாது என்றேன். பிறகு அவர் நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஆபீஸ் ஏற்பாட்டின்படி, போனில் பேசுகிற அமெரிக்கர்களுக்கு நான் அரிசோனாவில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வெள்ளைப் பலகையில் அரிசோனாவின் வெயில் அளவெல்லாம் தினமும் எழுதிப் போடுவார்கள். ஆனால் அரிசோனாவில் காலை ஏழு மணிக்கு ஒருவன் என்ன சாப்பிடுவான் என்பதை லீடர் சொல்லித்தரவில்லை. லெமன் ரைஸ் என்று சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். அரிசோனாவைப் பற்றி அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதிலிருந்து அவருக்கு போன் போட்டால் முதலில் அன்றைய சாப்பாடு, பிறகுதான் கேட் எண். முட்டை கருகிப்போனது, மகன் பாலைத் தீர்த்துவிட்டுக் காலி டப்பாவைத் திரும்ப வைத்தது எல்லாம் எனக்குத் தெரிந்தது. இப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒருநாள் அவர் அலுத்துக்கொண்டார். பழுதான பம்புகளும் மோட்டார்களும் பலகை மேல் கட்டிப் போட்டது போட்டபடி அவருடைய யார்டில் குவிந்து கிடக்கின்றனவாம். சரிசெய்ய சால்ட் லேக் சிட்டிக்கு அனுப்ப வேண்டும். வர வேண்டிய வண்டி வாரக்கணக்கில் வரவில்லை. நடக்க வழியில்லை என்று மேலதிகாரி தினமும் இவரைக் காய்ச்சுகிறார். மழை பட்டால் மோட்டார் கெட்டுவிடும் என்பதால் திறந்த வண்டியிலும் அனுப்ப முடியாது.

விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். மூடிய வண்டி வேண்டும். சால்ட் லேக் சிட்டிக்கு வேண்டும். அதே ஊருக்கு, அதே மாதிரி வண்டி, மறுநாள் அவருடைய வாசலிலேயே டாய்லெட் பேப்பரை இறக்கிவிட்டுக் காலியாகக் கிளம்பப் போகிறது.

சொன்னேன். அவர் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். டிரைவரின் காகிதங்களை அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். முடிந்தது. டிரைவருக்கு போன் போட்டுத் திரும்பி வர லோடு இருக்கிறது என்றேன். வழக்கமான பெருமூச்சுக்குக் காதைத் தயார் செய்துகொண்டு காத்திருந்தேன். வரவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். அதற்கப்புறம் அவர் விசிலடிக்க ஆரம்பித்துவிட்டார்.

காலையில் வீட்டுக்குப் போனபோது அப்பா கேரியர் பையோடு வாசலில் நின்றிருந்தார். போகிற அவசரத்தில், என் வேலையைப் பற்றி எப்போதும் கேட்கிற மாதிரி, தலையை மட்டும் ஆட்டி என்ன என்று கேட்டார். ரிட்டர்ன் லோடு பிடித்தேன் என்றேன். பையைக் கீழே வைத்தார்.

“ரிட்டர்னா? காலி வண்டிக்கா?”

“ஆமாப்பா.”

“ஆரு புட்ச்சது, நீயா?”

நான்தான் என்றேன். நான் பி.காம். முடித்தபோது ரொம்ப நல்லது என்று சொன்னவர், இப்போதுதான் சிரித்தார். அதுவரை என் வேலை என்னவென்று அவருக்குப் புரியவில்லை. கம்ப்யூட்டரில் எதையோ பார்த்து யாரிடமோ இங்கிலீஷ் பேசுகிறான் என்பதோடு சரி. ரிட்டர்ன் லோடு என்றால் புரியும். அன்று கிரஷருக்குப் போய் டிரைவர், கிளீனர், ஜல்லி அள்ளுகிறவர் என்று ஓர் ஆள் பாக்கி விடாமல் சொல்லியிருக்கிறார்.

ஆபீஸிலும் கொண்டாடினார்கள். லீடர் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். கீழே ஸ்வீட் ஸ்டாலிலிருந்து மைசூர்பாகு வந்தது, ஆளுக்குப் பாதி. புன்னகையோடு பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு நான் உதாரணம் என்றார். அன்று மேலிடத்துக்குப் போன மெயிலில் அது ‘எங்கள் புதிய அணுகுமுறை’ என்று இருந்ததாக அக்கா சொன்னார். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். அடுத்த முறையும் ரிட்டர்ன் கிடைத்தது, அதற்கடுத்த முறையும். டிரைவர் என்னை மகனே என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். கண்ணாடி அறையை நான் மறந்தேபோனேன்.

அப்போதுதான் புரோக்கர் போன் செய்தார்.

சுரங்கத்துக்குப் போகிற சரக்கை எங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். அவருடைய வாடிக்கையாளர் அந்தச் சுரங்கம். அவர் அனுப்பிய வண்டிக்காரன், அவரைத் தாண்டி அவருடைய வாடிக்கையாளரிடம் நேராகப் போய் லோடு கேட்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் யாரும் படிக்காத பக்கத்தில் இருக்கிறதாம். நான் லோடு கேட்கவே இல்லை, சாப்பாடுதான் கேட்டேன் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இனி என் டிரைவருக்கு மட்டுமல்ல, எங்கள் ஆபீஸுக்கே ஒரு லோடும் கிடையாது என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

லீடர் என்னைக் கண்ணாடித் தடுப்புக்குள் கூப்பிட்டார். எனக்கு விதித்தது எங்கே போனாலும் கண்ணாடி.

“உங்களை யாருங்க அவங்களை சாப்ட்டீங்களான்னு கேக்கச் சொன்னது? நம்ம ஸ்கிரிப்ட்ல எங்கயாவது அது இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்புறம்?”

புதிய அணுகுமுறை என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். டிரைவர் இன்னும் என்னோடுதான் இருக்கிறார் சார், அவர் போகவில்லை, என்றேன். அதுதானே பந்தயம். லீடர் யோசித்தார். உடனே அவரைக் கூப்பிட்டு, வேறு புரோக்கரிடம் லோடு எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பிடித்து வையுங்கள், மற்றதை மேலிடத்தில் பேசிக்கொள்ளலாம் என்றார். அந்த நிமிடம் வரை என் கன்ஃபர்மேஷன் உயிரோடுதான் இருந்தது.

டிரைவருக்கு போன் போட்டேன். நான் பேசுவதற்கு முன்னால், தானே என்னைக் கூப்பிட இருந்ததாகச் சொன்னார். நல்ல செய்தியாம். ஸ்டோர்ஸ் பெண்மணி மேலே பேசி, போகிற சரக்கு, வருகிற சரக்கு இரண்டையும் நேராக அவருக்கே தருவதாக ஏற்பாடு ஆகிவிட்டதாம். வாரா வாரம் நடை. புரோக்கர் வேண்டாம். லோடு தேட வேண்டாம். ஆகவே தேடித்தர ஆளும் வேண்டாம். இத்தனை வருஷத்தில் உன்னைப் போல ஒருவன் எனக்கு வாய்த்ததில்லை மகனே என்றார். மனதாரத்தான் சொன்னார். எனக்கு முன்னால் மூன்று பேர் ஒழுங்காக வேலை பார்க்காததால் அவர் விலகினார். நான் ஒழுங்காகப் பார்த்ததால் விலகினார்.

லீடர் ஐடி கார்டை வாங்கி மேசை டிராயரில் போட்டுக்கொண்டார். அக்கா கீழே வரைக்கும் கூடவே வந்து டீ வாங்கிக் கொடுத்தார்.

“நீ பேசாம மத்தவங்க மாதிரி இருந்திருக்கலாம்டா. காலியா போச்சுன்னா டிரைவர் மட்டும்தான் கோச்சுப்பான். நீ எல்லார் வயித்துலயும் அடிச்சிட்ட.”

பஸ்ஸில் பம்மல் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை ஒரே ஆறுதல்தான் எனக்கு. சீட்டு இருக்கிறது. பெருமைக்குரியது இல்லைதான், ஆனால் இருக்கிறது. ஏசி அறை. தூசி வராது. அப்பாவின் வர்ணனைகளை நானே எனக்குச் சொல்லிக்கொண்டு போனேன்.

அப்பா பல் துலக்கிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். முகத்தைக் கழுவினார். துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த கிரஷர் சீட்டுக்குத் திங்கட்கிழமை வருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிடுப்பா, என்றேன். துண்டு முகத்தைவிட்டு இறங்கவில்லை. அம்மாதான் அடுப்படியிலிருந்து சொன்னாள்.

“இன்னா சீட்டு? அதான் வேணாம்னு சொல்ட்டு வந்துட்டாரே.”

ரிட்டர்ன் லோடு பிடித்த அன்றே சொல்லிவிட்டாராம். முதலாளியும் அந்த இடத்தில் தன் மச்சானை உட்கார வைத்துவிட்டார். அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துப் பேசினார்.

“எம் புள்ள அமெரிக்காலயே ரிட்டர்ன் புடிக்கிறான், உன் பில்லு ரூமு இன்னாத்துக்குன்னு கேட்டுட்டேன்டா. அல்லாரும் இருந்தாங்க.” கொடியிலிருந்து சட்டையை எடுத்துக்கொண்டு, “இப்ப போய்க் கேக்கட்டா?” என்றார்.

வேண்டாம் என்றேன். எல்லோருக்கும் முன்னால் அந்த வார்த்தையைச் சொன்ன மனிதரை, அதே எல்லோருக்கும் முன்னால் போய் நிற்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்கப் போனாலும் முதலாளியின் மச்சான் எழுந்திருக்கப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்த வாரம் கோவிலம்பாக்கத்தில் இதே மாதிரி லாரி அனுப்புகிற இன்னொரு டிஸ்பாட்ச் ஆபீஸில் இன்டர்வியூ. இங்கே லிஃப்ட் வேலை செய்தது. மேனேஜர் என் பயோடேட்டாவைப் புரட்டிவிட்டு, மூன்று மாதம் முடிவதற்குள் ஏன் வெளியே வந்தேன் என்று கேட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லை. அரிசோனாவைக் கணக்கில் சேர்க்கவில்லை. டிரைவருக்குத் தேவையானது கிடைத்துவிட்டதால் அவர் போய்விட்டார் சார், என்றேன். எப்படிக் கிடைத்தது என்றார். முழுவதையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைக் கனிவாகப் பார்த்தார்.

“தம்பி, இங்க அந்த மாதிரியெல்லாம் பண்ண மாட்டீங்களே?”

மாட்டேன் சார், என்றேன்.

வேலை கிடைத்தது, மூன்று மாத ப்ரொபேஷனில். இந்த முறை தங்கம் இல்லை, செம்புச் சுரங்கம். எனக்குக் கொடுத்திருக்கிற டிரைவர் நிறைந்து போய்க் காலியாகத் திரும்புகிறார். என்னைக் கண்டபடி திட்டுகிறார். ஆபீஸில் என்னைப் பற்றி யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.